உரக்குவியலின் சூடு 71-லிருந்து 41-க்கு இறங்கிவிட்டது, கிளறலாமா, விட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள கம்பிவலைக் கூண்டில் வெட்டிய புல், காய்கறிக் கழிவு, சருகு மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் காட்டியது. நுண்ணுயிர் எல்லாம் செத்துவிடும், தீப்பிடித்தாலும் பிடிக்கும் என்று பயந்து மேலேயிருந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினீர்கள். எட்டாம் நாள் 41 டிகிரி. ஒருவர் தினமும் கிளறச் சொல்கிறார், இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார். களை விதை செத்திருக்குமா, இனி மண்புழு விடலாமா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: சூடு இறங்கியது வேலை முடிந்ததாலா, வேலை நின்றுபோனதாலா?

வெப்பமானியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சூட்டுக்கட்டம் முடிந்து ஆறிவரும் குவியலும் 41 காட்டும். காய்ந்துபோன குவியலும், நீரில் மூச்சுமுட்டும் குவியலும், தழைச்சத்து (நைட்ரஜன்) தீர்ந்த குவியலும் அதே 41-ஐத்தான் காட்டும். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அதனால் எண்ணைப் பார்த்த கையோடு வாளியைத் தூக்காமல், பக்கவாட்டில் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் கழிவைத் தின்று சுவாசிக்கின்றன. அவை செலவழிக்கும் ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனுக்கும் ஏறத்தாழ 14 மெகாஜூல் வெப்பம் வெளியாகிறது. கழிவு புல்லா, காய்கறியா, சாணமா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அந்த வெப்பம் வெளியேறும் வழிகளில் பெரியது நீராவி. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது போலத்தான் இதுவும்: ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.4 மெகாஜூல் வரை வேண்டும். ஒரு கிலோ உலர்பொருள் முழுவதும் மட்கினால் 15 முதல் 20 மெகாஜூல் வரும் என்று வைத்துக்கொண்டால், வேறு இழப்பே இல்லாதபோது அது ஆறு முதல் எட்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். வீட்டுக் குவியலில் வெப்பத்தில் ஒரு பகுதி பக்கவாட்டில் கசிந்துவிடும் என்றாலும், ஒன்று உறுதி. நன்றாகச் சூடேறும் குவியல் தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் 71 தொட்ட குவியல் எட்டாம் நாள் உள்ளே சாம்பல் பூத்துக் கிடந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் கனசதுரக் குவியலில் தரையைத் தவிர்த்து ஐந்து முகங்கள் வெளியே இருக்கின்றன. ஒரு கனமீட்டருக்கு ஐந்து சதுர மீட்டர் பரப்பு. அதையே அரை மீட்டர் கனசதுரமாக்கினால் கனமீட்டருக்குப் பத்து சதுர மீட்டர். சூட்டை உண்டாக்கும் பொருள் அதே விகிதத்தில் இருக்க, இழக்கும் பரப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. மீட்டருக்கு மீட்டருக்கு மீட்டர் என்று எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் கூண்டின் கொள்ளளவு முக்கால் கனமீட்டரைவிடச் சற்று அதிகம், போதும். ஆனால் ஒரு வாரத்தில் குவியல் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால் இப்போது அரைக் கனமீட்டர்தான் மிச்சம். முதல் முறை போல 70-ஐ இனி எதிர்பார்க்க வேண்டாம், எதிர்பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

எந்தச் சூடு நல்லது? 40 வரை மிதவெப்ப நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. 45-ஐத் தாண்டியதும் அவை பின்வாங்கி, வெப்பம் விரும்பும் கூட்டம் முன்னே வருகிறது. மட்குதல் வேகமாக நடப்பது 50-க்கும் 60-க்கும் நடுவில். 60-ஐ ஒட்டிப் பூஞ்சைகளுக்குத் தாங்காது. மரநார், வைக்கோல் போன்ற கடினமான பொருளை உடைப்பதில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு இருப்பதால், மேலே போகப் போக அந்த வேலை மந்தமாகிறது. 65-க்கு மேல் வேலை செய்யும் இனங்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. 70-ஐத் தாண்டியும் உயிரோடு இயங்குகிற பாக்டீரியா உண்டு. தெர்மஸ் என்ற பேரினம் அப்படிப்பட்டது. பேசில்லஸ் வகைகள் வித்துகளாகச் சுருண்டு தாக்குப்பிடிக்கும். அதனால் 71 டிகிரியில் உங்கள் குவியல் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நடுப்பகுதி மந்தமாகியிருக்கும், ஆனால் ஓரங்களில் எல்லாக் கூட்டமும் பத்திரமாகவே இருக்கும். கிளறியதும் அவை உள்ளே போய் மறுபடி பெருகும். 65 வந்தால் கவனிக்கத் தொடங்குங்கள், 68 அல்லது 70 வந்தால் கிளறுங்கள், 55-லிருந்து 62 வரை இருந்தால் சும்மா விடுங்கள். இந்த எல்லைகளில் இரண்டு மூன்று டிகிரி அப்படி இப்படி இருக்கலாம், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. வட்ட முகப்புள்ள நீளத்தண்டு வெப்பமானியில் தண்டு முழுவதும் அளப்பதில்லை; நுனியை ஒட்டிய சில சென்டிமீட்டர்தான் அளக்கிறது. தண்டு குறைந்தது 40 முதல் 50 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சமையலறை வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகினால் அது ஓரத்தைத்தான் காட்டும். மேலேயிருந்து ஓரிடத்தில் செருகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து இடங்களில், 20 சென்டிமீட்டர் ஆழத்திலும் 40 சென்டிமீட்டர் ஆழத்திலும், முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து பாருங்கள். ஓரிடத்தில் 71-ம் ஒரு சாண் தள்ளி 48-ம் காட்டுவது அடுக்கடுக்காகப் போட்ட குவியலில் வெகு சாதாரணம். புல் திரண்டு கிடந்த இடத்தில் நுனி பட்டிருக்கும். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் சுழியைக் காட்ட வேண்டும். மூன்று நான்கு டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த வித்தியாசத்தை எப்போதும் கழித்துக்கொள்ளுங்கள். வெப்பமானியே இல்லாதவர்கள் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பிடித்துப் பார்க்கலாம். உள்ளேயிருந்த பகுதியைச் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றால் 55-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. முதலில் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். 65 டிகிரிக் கம்பி தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

இனி அந்த ஒரு பிடி. கூண்டைத் திறந்து மண்வெட்டியால் பக்கவாட்டில் செங்குத்தாகச் சீவினால் குவியலின் வெட்டுமுகம் தெரியும். வெளியே ஒரு சாண் அகலத்துக்குச் சருகு போட்டபடியே இருக்கும், நிறம்கூட மாறியிருக்காது. அதற்கு உள்ளே வெளிர்சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புப் பொடி தூவியது போன்ற ஒரு பட்டை பெரும்பாலும் இருக்கும். பார்த்தவுடன் பூசணம் என்று பயப்படுவார்கள். அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற இழைப் பாக்டீரியாவின் வேலை, கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பட்டை அகலமாக, கையில் எடுத்தால் தூளாகப் பறக்கும்படி இருந்தால் குவியல் சூட்டில் காய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் கீழே, நடுவிலும் அடியிலும், பழுப்புநிறப் பொருள். புல்லைக் கட்டியாகப் போட்டிருந்தால் அது தட்டையான பாய்போல ஒட்டிக்கொண்டு, இடையில் வழவழப்பாகி, பிரித்ததும் புளித்த நெடி அடிக்கும். ஒரே குவியலில் காய்ந்த பட்டையும் நனைந்த பாயும் சேர்ந்தே இருக்கலாம். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிய குவியலில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் காய்ந்த சருகு தண்ணீரை உடனே வாங்காது. ஊற்றிய தண்ணீர் கிடைத்த சந்துகளில் ஓடி அடிக்குப் போய்விடும். உங்கள் இரண்டு வாளியும் அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். தோண்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஈரத்தைக் கையால் பார்ப்பது எளிது. நடுவிலிருந்து எடுத்த பிடியை முழு பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்து, கையைத் திறந்தால் உருண்டை உதிராமல் நின்றால் ஈரம் 50 முதல் 60 சதவீதம்; இதுதான் வேண்டும். சொட்டே வராமல் கை திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் 40-க்குக் கீழே. தாரையாக ஒழுகினால் 65-க்கு மேல், அப்போது துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுச் சந்துகளில் நீர் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

காய்ந்திருந்தால் எவ்வளவு தண்ணீர்? 50 கிலோப் பொருளில் ஈரம் 40 சதவீதம் என்றால் உலர்பொருள் 30 கிலோ. அதை 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர மொத்த எடை சுமார் 67 கிலோவாக வேண்டும். அதாவது 17 லிட்டர் தேவை. இரண்டு வாளி என்பது அளவில் தவறே இல்லை, ஊற்றிய விதம்தான் சரியில்லை. முழுக் குவியலையும் பக்கத்தில் இறக்கி, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, பூவாளியால் நனைத்து, கலந்து, மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் இப்படிச் செய்தால் 17 லிட்டரும் உள்ளேயே தங்கும். அடுத்த நாளே சூடு ஏறத் தொடங்கும், பெரும்பாலும் இரண்டாம் நாள் 50-ஐத் தாண்டிவிடும். காய்ந்த குவியலைக் கிளறும்போது எழும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளும் ஆக்டினோமைசீட்ஸ் வித்துகளும் ஏராளம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. முதலில் மேலாக நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளறுங்கள்.

நனைந்து புளித்திருந்தால் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காற்றைப் பற்றி யோசியுங்கள். குவியலின் உள்காற்றில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காற்றில்லாமல் வாழும் கூட்டம் கை ஓங்குகிறது. அவை உண்டாக்கும் சூடு மிகக் குறைவு, நாற்றம் மிக அதிகம். கிளறினால் காற்று உள்ளே போகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் சுறுசுறுப்பான குவியல் அப்படிப் போன ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கிளறுவதன் நிஜப் பயன், அமுங்கிய பொருளைத் தளர்த்திக் காற்று தானாக உள்ளே வந்துபோக வழி விடுவது. அதனால் வெறுமனே புரட்டி மறுபடி அடைத்தால் இரண்டே நாளில் பழைய கதைதான். குச்சி குச்சியாக நொறுக்கிய சுள்ளி, முரட்டு மரச்சீவல், கிழித்த அட்டை போன்ற நிமிர்ந்து நிற்கும் பொருளைக் கலக்க வேண்டும். மூன்று பங்கு நனைந்த பொருளுக்கு ஒரு பங்கு என்று கன அளவில் தொடங்கலாம். மாவு போன்ற மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் காற்றுச் சந்துகளை அடைத்துவிடும். இந்த வேலைக்கு அது உதவாது. முழுதாகக் கிளற உடம்பு இடம் கொடுக்காதவர்கள் கடப்பாரையால் ஏழெட்டு இடத்தில் அடிவரை குத்தி ஆட்டிவிடலாம். பாதிப் பலன்தான், ஒன்றும் செய்யாததற்கு மேல்.

ஈரமும் சரி, நாற்றமும் இல்லை, சருகு மட்டும் அப்படியே கிடக்கிறது என்றால் தழைச்சத்து தீர்ந்துவிட்டது. கார்பன், நைட்ரஜன் விகிதம் தொடக்கத்தில் 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்று இருந்தால் நல்லது. சமையலறைக் காய்கறிக் கழிவு 15-ஐ ஒட்டி, புதிதாக வெட்டிய புல்லும் அதே அளவு, சருகு 40-லிருந்து 80 வரை, வைக்கோல் 80-ஐ ஒட்டி, மரத்தூள் சில நூறுகள், கோழி எச்சம் 10-க்கும் கீழே. இவை எல்லாமே தோராயம். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும், ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் ஒழிய தசம இலக்கத்தை நம்பாதீர்கள். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பது வீண்போகாது. 10 கிலோக் காய்கறிக் கழிவில் 8 கிலோ தண்ணீர். மிச்சம் 2 கிலோவில் கார்பன் 900 கிராம், நைட்ரஜன் 60 கிராம். 4 கிலோச் சருகில் ஈரம் போக 3.6 கிலோ, அதில் கார்பன் 1,620 கிராம், நைட்ரஜன் 27 கிராம். கூட்டினால் 2,520-க்கு 87, அதாவது 29-க்கு ஒன்று. ஈரத்தையும் பாருங்கள்: 14 கிலோவில் 8.4 கிலோ தண்ணீர், சரியாக 60 சதவீதம். பத்துக்கு நான்கு என்ற எடை விகிதம் ஒரே கல்லில் இரண்டையும் சரிசெய்துவிடுகிறது, தனியாகத் தண்ணீரே தேவையில்லை. எடைபோட முடியாதவர்கள் ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளிச் சருகு என்று போடலாம். சருகு நொறுங்கியதா முழுசா என்பதைப் பொறுத்து வாளிக் கணக்கு தடுமாறும் என்பதால் எனக்கு எடைதான் பிடிக்கும்.

பச்சைக் கழிவே கைவசம் இல்லை, சருகுதான் மலைபோல இருக்கிறது என்றால் யூரியா உதவும். விகிதம் 60 உள்ள, ஈரம் போக 10 கிலோச் சருகை 30-க்குக் கொண்டுவர இன்னும் 75 கிராம் நைட்ரஜன் வேண்டும். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம் என்பதால் 160 கிராம் கணக்கு. அதை ஒரே நாளில் கொட்டாமல் பாதியைத் தண்ணீரில் கரைத்து இன்றும், மீதியை அடுத்த கிளறலிலும் கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் அம்மோனியாவாக மூக்கைத் துளைத்துக்கொண்டு காற்றில் போய்விடும். இரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் கோழி எச்சமோ புதுச் சாணமோ போடலாம். சாம்பலும் சுண்ணாம்பும் மட்டும் வேண்டாம். அவை காரத்தன்மையைக் கூட்டி, இருக்கிற நைட்ரஜனையும் அம்மோனியாவாக விரட்டிவிடும். சூடான குவியலில் ஏற்கெனவே அந்த நெடி அடித்தால் பச்சைப் பொருள் அதிகம் என்று பொருள். நொறுக்கிய சருகு கலந்து, மேலே நான்கு விரல் கனத்துக்கு முதிர்ந்த உரத்தைப் போர்த்திவிட்டால் வாயுவில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும்.

தினமும் கிளறு, தொடவே தொடாதே என்ற சண்டைக்கு வருவோம். இரண்டு பேரும் தத்தம் குவியலைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். பதினெட்டு இருபது நாளில் உரம் வேண்டும் என்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறுகிறார்கள்; எல்லாப் பொருளையும் முதலிலேயே நறுக்கி, விகிதம் பார்த்து, ஒரே நாளில் குவியலை முடித்து, இடையில் புதிதாக எதுவும் போடாமல் இருந்தால் அது நடக்கும். தொடாமல் விட்டாலும் மட்கும், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், ஓரங்கள் சூடு காணாமலே இருக்கும். ஒவ்வொரு கிளறலும் சூட்டை முதலில் இறக்கும், பிறகு ஏற்றும். அந்த முதல் இறக்கத்தைப் பார்த்துவிட்டுக் கெடுத்துவிட்டோம் என்று சிலர் கைவிடுகிறார்கள். நாள்கணக்கில் கிளறுவதைவிட நடுச்சூட்டைப் பார்த்துக் கிளறுவதே எனக்குச் சரியாகப் படுகிறது: மேலே 68-ஐத் தொட்டால் ஒரு தடவை, உச்சத்திலிருந்து இறங்கி 45-50-க்கு வந்தால் ஒரு தடவை. உங்கள் 41 அந்த இரண்டாவது வாசலைத் தாண்டிவிட்டது. ஆகவே கிளறுங்கள், ஆனால் அந்த ஒரு பிடி சொல்வதைக் கேட்டு, தண்ணீரோடோ சுள்ளியோடோ புல்லோடோ கிளறுங்கள். அடுக்கடுக்காகப் போடாமல் நன்றாகக் கலந்துவிடுங்கள். அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் புல் அடுக்குக்குள் இருக்கும் நுண்ணுயிருக்கு அரை அடி தள்ளியிருக்கும் சருகு எட்டாது.

களை விதை விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. 71 டிகிரி என்ற எண்ணைப் பார்த்து விதையெல்லாம் வெந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரு மீட்டர் குவியலில் சுற்றிலும் மேலும் கீழும் 15 சென்டிமீட்டர் தோலைக் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 70 சென்டிமீட்டர் அளவுதான்; 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.34. அதாவது குவியலில் மூன்றில் ஒரு பங்குதான் சூடு கண்டது, மூன்றில் இரண்டு பங்கு வெளித்தோல். கண்மூடித்தனமாகக் கலந்து ஐந்து முறை கிளறி, ஆறு முறையும் நன்றாகச் சூடேறினால்கூட, ஒரு முறையும் நடுவுக்கு வராமல் தப்பும் பங்கு 0.66-ஐ ஆறு முறை பெருக்கியது: நூற்றில் எட்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கழிவுநீர்க் கசடுக்கு வகுத்த விதியில், திறந்தவெளியில் கிளறும் நீள்குவியலுக்கு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து கிளறல் என்று இருப்பது இந்தத் தோல் பிரச்சினைக்காகத்தான். மூடிய கலனுக்கு அதே 55-ல் மூன்று நாள் போதும் என்கிறது அதே விதி. உங்கள் வீட்டில் கசடு இல்லை, விதியும் பொருந்தாது. காரணம் மட்டும் பொருந்தும். ஆகவே கிளறும்போது வெளித்தோலைத் தனியாகச் சீவி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழைய நடுப்பகுதியை அடியிலும் ஓரத்திலும் போட்டு, தோலை நடுவில் வையுங்கள். எதேச்சையாகக் கலப்பதைவிட இது பல மடங்கு மேல். இருந்தும் தடித்த ஓடுள்ள சில விதைகள் 60-க்கு மேல் பல நாள் கேட்கும். விதை முற்றிய களையையும், ஒரு துண்டு தங்கினாலும் துளிர்க்கும் கிழங்குக் களையையும் குவியலில் போடாமலிருப்பதே நல்லது. புகையிலைத் தேமல் போன்ற வைரஸ் கண்ட செடிகளும் வேண்டாம். அது சூட்டுக்கு அசைந்துகொடுக்காது. சில களைக்கொல்லிகளும் அப்படியே. குளோபைராலிட், அமினோபைராலிட் தெளித்த புல்லோ வைக்கோலோ எவ்வளவு சூடானாலும் எச்சம் மிஞ்சி, பிறகு தக்காளியையும் அவரையையும் சுருளவைக்கும்.

தீ பயம் உங்கள் அளவுக்குத் தேவையில்லாதது. 70-80 டிகிரியில் உயிரியக்கம் நின்றுவிடும். அதற்கு மேல் சூடேற வேதியியல் ஆக்சிஜனேற்றம் தொடர வேண்டும், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்க வேண்டும். மூன்று நான்கு மீட்டருக்கு மேல் உயரமான, உள்ளே அரைகுறையாகக் காய்ந்த பெருங்குவியல்களில்தான் அது நடக்கிறது. ஒரு மீட்டர் குவியலால் அத்தனை வெப்பத்தைத் தேக்கிவைக்க முடியாது. காலைக் குளிரில் எழுவது நீராவி, புகை இல்லை. ஆனாலும் குவியலை மரவேலியிலோ மரச்சுவரிலோ சாய்த்து வைக்காதீர்கள். அணையாத கரி உள்ள சாம்பலையும் எண்ணெய் ஊறிய துணியையும் அதில் போடாதீர்கள். வீட்டுக் குவியல் தீப்பிடித்தால் காரணம் அநேகமாக அவைதான்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றில் முதலிடம் கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூண்டிகளுக்கு. கழிவின் மேல் தேவையான நுண்ணுயிர் இயற்கையிலேயே இருக்கிறது. ஈரம், காற்று, விகிதம் மூன்றும் சரியான குவியலில் தூண்டியால் குறிப்பிடத்தக்க வேகம் கிடைத்தது என்பதற்கு வலுவான சான்று இல்லை. மூன்றும் சரியில்லாத குவியலில் எந்தப் பொட்டலமும் காப்பாற்றாது. பழைய உரத்தில் ஒரு கூடை கலப்பது செலவில்லாதது, கெடுதலும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் ஒருநாள் சூடு துள்ளும், பிறகு அடங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு மேற்பரப்பை வெதுவெதுப்பாக்கும், காற்றை அடைக்கும். மழைக்காகத் தார்ப்பாய் கட்டுவதானால் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சரிவாகக் கட்டுங்கள். குளிர் அதிகமுள்ள இடமானால் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலோ சருகு மூட்டையோ அணைத்து வைப்பது நிச்சயம் பலன் தரும்.

கடைசியாக, வேலை முடிந்ததை எப்படி அறிவது, புழு எப்போது விடுவது. எட்டு நாளில் முடிந்திருக்க வாய்ப்பில்லை. ஈரமும் காற்றும் சரிசெய்து கிளறிய பிறகும் சூடு ஏறவில்லை, குவியல் அளவில் பாதியாகிவிட்டது, பொருள் கருத்து, எது இலை எது தோல் என்று அடையாளம் தெரியவில்லை என்றால் சூட்டுக்கட்டம் முடிந்தது. அதற்குப் பிறகும் நான்கு முதல் எட்டு வாரம் நிழலில் ஆறவிட வேண்டும். கிளறல் தேவையில்லை, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். உரத்துக்கு விடும் சிவப்பு மண்புழு 35 டிகிரிக்கு மேல் பிழைக்காது. நடுவில் பல இடங்களில் ஒரு வாரம் தொடர்ந்து 30-க்குக் கீழே இருந்தால்தான் விடலாம். 41-ல் விட்டு, மறுநாள் கிளறியதில் சூடு 55-க்கு ஏறினால் ஒன்றும் மிஞ்சாது. முதிர்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால் பிழிபதமாக நனைத்த உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். புளிப்போ அம்மோனியாவோ அடித்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். மண்வாசம் வந்தால், பாதி உரம் பாதி மண் கலந்த தட்டில் பத்து முள்ளங்கி விதையையும், வெறும் மண்ணில் பத்தையும் போடுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் முளைத்து, உரத்தட்டில் வேர் நுனி கருகாமல் வெள்ளையாக இருந்தால் பாத்தியில் போடலாம்.